பதினொரு வீடும் ஒரு திறப்பும்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பதினொரு தண்ணீர்க் கான்களைக் கழுவியது. ஒவ்வொன்றும் இருபது லீற்றர். சனிக்கிழமை காலை, கிணற்றடியில். கடல் ஏறினால் கிணறுகள் உப்பாகிவிடும்; வீட்டுக்கு ஒரு கான் நல்ல தண்ணீர் முதலே நிரப்பி வைத்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. அவர் கானுக்குள் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கினார். நான் அலசிக் கவிழ்த்தேன். காய்ந்ததும் அழியாத மையால் எழுத வேண்டும்.

நான் 1, 2, 3 என்று எழுதத் தொடங்கினேன்.

"உதென்ன?"

"இலக்கம், அம்மா. ஒரு வீட்டுக்கு ஒரு இலக்கம்."

"மூண்டு ஆர்?"

"யசிந்தன் வீடு."

"அது உனக்குத் தெரியும். யசிந்தனுக்குத் தெரியுமே?"

"பட்டியல்லை இருக்கு."

"காத்தடிக்கேக்கை அவன் பட்டியலைத் தேடிக்கொண்டு திரியிறதே? பேரை எழுது, பிள்ளை."

பெயரை எழுதினேன். வேலை முடிய ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆனது. ஞாயிறு பின்னேரப் படகில் நான் யாழ்ப்பாணம் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை அம்மா விழுந்தார். புதன்கிழமை இறந்தார்.

அவரது பெயர் ஞானசவுந்தரி. வயது அறுபத்து நான்கு. நெடுந்தீவில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே இருந்தவர். அப்பா கடல்தொழில் செய்தவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நோயில் போய்விட்டார். அதன் பிறகு அம்மாவிடம் எட்டு மாடுகளும் நானும் மிஞ்சினோம். நான் மின் பொறியியல் படித்து யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போனேன். மாடுகள் அவருடனேயே இருந்தன. மாடுகளைப் பற்றி அவர் என்னிடம் குறை சொன்னதில்லை. என்னைப் பற்றி மாடுகளிடம் சொல்லியிருப்பார்.

ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குக் கறந்து, ஆறு மணிக்குப் பால் போத்தல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்குவார். பதினொரு வீடு. முன் ஒழுங்கையில் ஏழு, பின் ஒழுங்கையில் நான்கு. இரண்டு பக்கமும் கடற்கல் அடுக்கிய வேலி. சாந்து பூசுவதில்லை, கல்லின் மேல் கல். பதினொரு வீட்டுக்கும் பால் கொடுக்க இருபது நிமிடம் போதும். அம்மா ஒன்றரை மணித்தியாலம் எடுப்பார். ஒரு வீட்டில் அரைப் போத்தல் கூடக் கேட்டால், யார் வந்திருக்கிறார்கள் என்று அறியாமல் அந்த வீட்டு வாசல் படலையை விட்டு நகரமாட்டார். குறைத்துக் கேட்டால், யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்பார்.

"ஞானக்கா, நீங்கள் பால் விக்கிறியளோ, விசாரணை நடத்திறியளோ?" என்று யசிந்தன் ஒருநாள் கேட்டான். எங்களுக்குப் பக்கத்து வீடு. முப்பத்தெட்டு வயது. ஒழுங்கையில் உழவு இயந்திரம் வைத்திருக்கும் ஒரே ஆள். அந்தப் பெருமை அவன் நடையில் தெரியும்.

"பால் உமக்கு. விசாரணை உம்மடை மனிசிக்கு," என்றார் அம்மா. "நாலு நாளாப் பாலை மணந்தாலே ஓங்காளிக்கிறா. நீர் ஒண்டும் கவனிக்கேல்லையே?"

யசிந்தனுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகும் செய்தி அவனுக்கே அப்படித்தான் தெரிந்தது.

அம்மா ஒழுங்கையின் பாதுகாப்பைக் கையில் எடுத்தது ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிப் புயலுக்குப் பிறகு. அதற்குக் காரணம் மதலேனம்மா மாமி.

மாமிக்கு இப்போது எழுபத்தொன்பது. இடுப்பு முறிந்து ஏழு வருடமாகப் படுக்கை. மகள் கஜனியோடு இருக்கிறார். கஜனி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவர்கள் வீடு இரண்டு ஒழுங்கைக்கும் நடுவில். முன்னுக்கு ஒரு படலை, பின்னுக்கு ஒரு படலை. புயலன்று படகு ஓடாமல் கஜனி யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்டாள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முன் ஒழுங்கைக்காரர், பின் ஒழுங்கைக்காரர் மாமியைத் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தார்கள். பின் ஒழுங்கைக்காரர், முன் ஒழுங்கைக்காரர் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தார்கள். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய், பாய் விரித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாமி எங்கே என்ற கேள்வி வந்தது. கேட்டவர் அம்மா. பாண் சாப்பிட்டவர்களில் அம்மாவும் ஒருவர்.

மாமி தனியே இருந்தது மூன்று மணித்தியாலம். யசிந்தனும் அம்மாவும் முழங்கால் தண்ணீரில் போய்க் கதவைத் தள்ளியபோது, தண்ணீர் கட்டில் பலகைக்கு நான்கு விரல் கீழே நின்றது. மாமி செபமாலையோடு கிடந்தார்.

"வந்திட்டியளே," என்றார். "ஊர்ச் சனம் எல்லாருக்கும் மன்றாடி முடிச்சிட்டன். உங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டு தரம்."

மாமி அதை அத்தோடு விட்டுவிட்டார். அம்மா விடவில்லை. "ஒவ்வொரு நாளும் முதல் போத்தல் குடுக்கிற வீடு, பிள்ளை. எனக்கு மறந்து போச்சு," என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் ஒன்றுக்காகத்தான்: அடுத்த காற்றுக்கு மாமி முதல் ஆளாக வெளியே வர வேண்டும், தண்ணீர் எட்டாத இடத்தில் படுக்க வேண்டும்.

முதலில் ஆட்களின் எண்ணிக்கை. கிராம சேவையாளரிடமிருந்த பட்டியலின்படி எங்கள் இரண்டு ஒழுங்கையிலும் அறுபத்தெட்டுப் பேர். பெயர்கள் சரிதான், ஆட்கள்தான் பிரான்சிலும் கனடாவிலும் வவுனியாவிலும் இருந்தார்கள். அம்மா பாலைக் கொண்டு எண்ணினார். முப்பத்தொன்பது. அதில் ஓட முடியாதவர் ஒருவர், மெதுவாக நடப்பவர் ஐந்து பேர், தூக்க வேண்டிய பிள்ளைகள் நான்கு, ஓடக்கூடியும் ஓடாமல் நின்று கதை கேட்கக்கூடியவர் ஒருவர். அந்தக் கடைசி ஆளின் பெயரை எழுத வேண்டாம் என்று யசிந்தன் கேட்டுக்கொண்டான்.

பிறகு வேலிகள். புயலில் கற்கள் சரிந்து ஒழுங்கையை அடைத்திருந்தன. புரட்டாதியில் அவரவர் தங்கள் வேலியின் மேல்வரிசையை இறக்கி, தளர்ந்த கல்லைத் திருப்பி அடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். செய்யாத வீட்டுக்கு அடுத்த நாள் பால் கடைசியாக வந்தது. காலைத் தேத்தண்ணீர் ஏழரைக்குப் போனால் மனிதர் கல் அடுக்கத்தான் செய்வார்கள்.

பிறகு கதவு. இடிந்த வீடொன்றிலிருந்து ஒரு பழைய வேப்பமரக் கதவைக் கழற்றி வந்து, நான்கு மூலையிலும் துளையிட்டு, வள்ளக் கயிற்றில் பிடி போட்டார்கள். மாமியைத் தூக்க. நீளம் ஆறடி, எடை பதினெட்டுக் கிலோ. நான் நிறுத்துப் பார்த்தேன்.

பிரதேச செயலகத்தில் ஒருநாள் பயிற்சி நடந்தது. அம்மா போனார். ஒரு விசிலும் ஒரு செம்மஞ்சள் மேலங்கியும் கொடுத்தார்கள். மேலங்கியை அலுமாரியில் வைத்தார். விசிலால் மாடுகளைக் கூப்பிடப் பழகினார். அதனால் அம்மா நடத்த நினைத்த புயல் ஒத்திகைக்கு விசில் உதவவில்லை. ஊதினால் எட்டு மாடும் வரும், மனிதர் வரமாட்டார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் மணியை அடிப்பது என்று முடிவானது.

இந்த வருடம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. மணி வேகமாக அடிக்கும். கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நான்கு பேர் மாமியைத் தூக்கி வர வேண்டும். பால் கொடுக்கும்போது அம்மா ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தார். தம்பிராசா அண்ணையிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார். அவருக்கு எழுபது வயது. நாற்பது வருடமாகக் கோயிலில் மணி அடிப்பவர். நான் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு மாமியின் முற்றத்தில் நின்றேன்.

பத்து மணிக்கு முதல் மணி அடித்தது. பிறகு ஒன்றுமில்லை. எட்டு விநாடி கழித்து இரண்டாவது. மீண்டும் எட்டு விநாடி.

பூசை நேரம் தவிர்ந்த வேளையில் தம்பிராசா அண்ணையின் கைக்கு ஒரு மணிதான் தெரியும். கயிற்றைப் பிடித்ததும் கை தன் பாட்டில் அதை அடித்துவிட்டது. சாவு மணி.

ஒத்திகை மணி வேகமாக அடிக்கும் என்றுதான் சனத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. இது ஆறுதலாக, விட்டு விட்டு அடித்தது. ஆகவே இது ஒத்திகை இல்லை. உண்மையில் யாரோ போய்விட்டார். ஒழுங்கையில் போகக்கூடியவர் யார்? எல்லோருக்கும் ஒரே விடைதான் கிடைத்தது.

முதலில் வெள்ளைச் சேலையோடு இரண்டு பெண்கள் முன் படலையால் வந்தார்கள். பின் படலையால் ஒருவர் பெரிய கேத்தலோடு வந்தார். பிறகு உழவு இயந்திரத்தின் சத்தம். யசிந்தன் பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டி நிறையப் பிளாஸ்ரிக் கதிரைகளோடு வந்து இறங்கி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு உள்ளே போனான். நானும் பின்னால் போனேன். மாமி கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா கதிரை?"

யசிந்தன் வாசல் பக்கம் திரும்பி உழவு இயந்திரத்தைப் பார்த்தான்.

"கேக்கிறன், என்ன கதிரை?"

"மாமி... மணி அடிச்சது."

"ஆருக்கு?"

"உங்களுக்கெண்டு நினைச்சம்."

மாமி குசினிப் பக்கம் தலையைத் திருப்பினார். "கஜனி, தேத்தண்ணி வை," என்றார். "செத்த வீட்டுக்கு வந்த சனம் வெறுவாயோடை போகக்கூடாது."

"அழுகிறதுக்கும் ரெண்டு பேர் வந்திருக்கினம், மாமி," என்றான் யசிந்தன்.

"இருக்கச் சொல்லு. நான் கேட்டுப் பாக்கிறன், நல்லா அழுகினமோ எண்டு."

தம்பிராசா அண்ணை கடைசியாக வந்தார். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "நான் சரியாத்தான் அடிச்சனான்," என்றார்.

"அச்சொட்டாச் சரி, அண்ணை," என்றார் அம்மா. "அதுதான் பிழைச்சுப் போச்சு."

எல்லோரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தினை நிமிசம்?"

"ஒன்பது."

"எத்தினை வீடு?"

"பதினொண்டும்."

"மணி கெதியா அடிச்சிருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது நிமிசத்திலை ஆர் வந்திருப்பினம்? நீயும் நானும் மாடுகளும்." முற்றத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "செத்தவளைப் பாக்க ரெண்டு படலையாலையும் வந்து குவிஞ்சு நிக்குதுகள். உயிரோடை இருக்கிறவளுக்கும் இஞ்சையே வரட்டும்."

திட்டம் அந்த இடத்திலேயே மாறியது. பள்ளிக்கூடத்தில் கூடுவது இல்லை. காற்றோ, தண்ணீரோ, நெருப்போ, எல்லோரும் முதலில் மாமியின் முற்றத்துக்கு வர வேண்டும். பெயர் கூப்பிடுவது அங்கே. மாமியை மறந்துவிட்டுப் போக இனி ஒருவருக்கும் ஏலாது. அவர் வீட்டில்தான் எல்லோரும் நிற்பார்கள். மணி சாவுக்கே இருக்கட்டும் என்று கோயில் பாதர் சொன்னார். அதற்குப் பதிலாக உழவு இயந்திரத்தின் ஹோர்னை மூன்று தரம் அடிப்பதென்று ஆனது. யசிந்தனின் நடை இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

அன்றைய ஒத்திகையின் மறுபாதி சிரிப்பாக இருக்கவில்லை. கதிரைகளை இறக்கிவிட்டு, மாமியைக் கதவில் வைத்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். தூரம் ஒன்று தசம் எட்டுக் கிலோமீற்றர். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. பாதை முழுக்கக் கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமியின் கை கதவின் விளிம்பை இறுக்கியது. வாயிலிருந்து ஒரு பகிடியும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இறக்கியதும் அம்மாவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஞானம், அடுத்தமுறை என்னை விட்டிட்டுப் போங்கோ."

அம்மா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவாமலே, ஒழுங்கையில் நின்று மாடி வீட்டைப் பார்த்தார்.

மாடி வீடு மாமியின் முன் படலையிலிருந்து அறுபது மீற்றர். எங்கள் குறிச்சியில் மேல்தளம் உள்ள ஒரே வீடு. பிரான்சில் இருக்கும் கோபிசங்கர் எட்டு வருடங்களுக்கு முன் கட்டியது. தூண்கள் பன்னிரண்டங்குலம். மேலே ஒரு மண்டபம். நாற்பது பேர் படுக்கலாம். படிகள் பதினெட்டு. கதவைத் தூக்கிக்கொண்டு போனால், என் கணக்கில், ஆறு நிமிடம். கோபிசங்கர் குடும்பத்தோடு அதில் இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள்.

அம்மா வட்ஸ்அப்பில் நான்கு தரம் கோபிசங்கரோடு கதைத்தார். முதல் மூன்று தரமும் அவர், "பாப்பம், அக்கா," என்றார். அது இல்லை என்று அர்த்தம். நாலாவது தரம் நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஞானக்கா, கோவிக்காதேங்கோ. போனமுறை ஒரு பெட்டையின்ரை சாமத்தியச் சடங்குக்குக் குடுத்தனான். சுவரிலை பதினேழு ஆணி."

"நாங்கள் சோடினைக்கு வரேல்லை, தம்பி. தண்ணி வந்தால் ஏறி இருக்க வாறம்."

"மாடு?"

"மாடு மாடி ஏறாது."

"முத்தத்திலை கட்டுவியள்."

"கட்டுவன். சாணியும் நானே அள்ளுவன்."

"மேலை எல்லாம் ரைல்ஸ். செருப்போடை ஏறக்கூடாது."

"ஓம்."

"சமையல் மேலை வேண்டாம்."

"ஓம்."

"ஏசி போடக்கூடாது."

"புயலுக்கை கரண்ட் ஆர் தரப்போகினம், தம்பி?"

கோபிசங்கர் சிரித்தார். பிறகு, "மதலேனம்மா மாமி எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார்.

"இருக்கிறா. தண்ணி வந்தால் தன்னை விட்டிட்டுப் போகச் சொல்லுறா."

 கோபிசங்கர் அதன் பிறகு ரைல்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "திறப்பு பெரியம்மாட்டை இருக்கு," என்றார். "நான் அவவுக்குச் சொல்லுறன். நீங்கள் நேரை போய் எடுங்கோ. மூண்டு பூட்டு. நடுப்பூட்டு உப்புக்காத்துக்கு இறுகிப் போச்சு. அதைத் திறக்கிற விதம் அவவுக்குத்தான் தெரியும்."

அவரது பெரியம்மா பார்வதிப்பிள்ளை. எழுபத்தாறு வயது. வீடு கட்டிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அதைத் திறந்து, கூட்டி, சாமியறையில் விளக்கேற்றி, பூட்டிக்கொண்டு வந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மகளோடு இருக்க நயினாதீவுக்குப் போனார். மூன்று சாவியும் கோர்த்த திறப்புக் கோர்வையும் அவரோடு போயிற்று. மாடி வீடு அன்றிலிருந்து பூட்டியபடி கிடக்கிறது.

அந்தச் சனிக்கிழமை, கான்கள் காய்ந்துகொண்டிருந்தபோது, குசினி வாசலில் தேத்தண்ணீர் குடித்தபடி இதைப் பற்றித்தான் கதைத்தோம்.

"நான் எடுத்துக்கொண்டு வாறன், அம்மா. கிழமைக்கு ரெண்டு தரம் குறிகட்டுவானாலைதானே போய் வாறன். நயினாதீவுப் படகும் அங்கைதான் நிக்குது. இருபது நிமிசம்."

"உனக்குத் திறப்புக் கேக்கத் தெரியாது."

"அதிலை தெரியிறதுக்கு என்ன கிடக்கு? கோபியண்ணை சொல்லிப்போட்டார். போய்த் தாங்கோ எண்டால் தருவா."

"அதுதான் சொல்லுறன், தெரியாது எண்டு."

வீட்டுத் திறப்பை அப்படிக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னார். போக வேண்டும். இருக்க வேண்டும். முழங்கால் எப்படி என்று கேட்க வேண்டும். சொல்லுவார், முழுக்கக் கேட்க வேண்டும். தேத்தண்ணீர் வரும். குடிக்க வேண்டும். நெடுந்தீவில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் அவரே, "உந்தத் திறப்பு..." என்று தொடங்குவார். அப்போது, "அதுக்கென்ன அவசரம்," என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் அவராகச் சொல்லுவார். அப்போது வாங்க வேண்டும். நடுப்பூட்டு அதற்குப் பிறகு.

"அவ ஆறு வருசமா வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைச்ச வீடு, பிள்ளை. ஆரோ ஒராள் வந்து சட்டுப்புட்டெண்டு வாங்கிக்கொண்டு போனால் அவவுக்கு எப்பிடி இருக்கும்?"

"நான் விளங்கப்படுத்திச் சொல்லுவன்."

"ஓம். நீ விளங்கப்படுத்துவாய். தூண் எத்தினை அங்குலம், படி எத்தினை, தண்ணி எத்தினை அடி வரும் எண்டு. மனிசி பயந்துபோய்த் திறப்பை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போடும்."

"இதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"காலமைப் படகிலை போனால் பின்னேரப் படகு வரைக்கும் எடுக்கும்." அம்மா குவளையைக் கவிழ்த்தார். "வாற வெள்ளிக்கிழமை நானே போறன். வெள்ளிக்கிழமையிலை அவவுக்கும் அந்த வீட்டு நினைவு வரும்."

செவ்வாய்க்கிழமை நடந்ததை மற்றவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மாமி வீட்டுக்கு எப்போதும் ஆறு ஐந்துக்குப் பால் வரும். ஆறு இருபதாகியும் வரவில்லை. கஜனி எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அம்மா மாட்டுக் கொட்டிலின் தூணில் சாய்ந்தபடி இருந்தார். வியர்த்திருந்தது. இடக்கை வலிக்கிறது என்றார். ஆறு இருபத்தெட்டுக்கு உழவு இயந்திரத்தின் ஹோர்ன் மூன்று தரம் அடித்தது. பதினொரு வீடும் மாமியின் முற்றத்தில் கூடின. கதவு அங்கேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உழவு இயந்திரம் குலுக்கும் என்று இறங்குதுறை வரை தூக்கியே நடந்தார்கள்.

தூக்கிய நால்வரில் யசிந்தன் முன்பக்கம் இடது.

"முன்னுக்கு இடப்பக்கம் ஆர்?" என்று அம்மா கேட்டாராம். "ஒரே சீராப் போ."

"கதையாதேங்கோ, அக்கா."

"கதைக்காட்டி நீர் ஓடுவீர். ரெண்டு மாடு கறக்கேல்லை. மனிசியிட்டைச் சொல்லும்."

இறங்குதுறையில் ஆறு ஐம்பத்தெட்டு. படகு ஆயத்தமாக நின்றது. குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது ஐந்து. நான் வாசலில் நின்றேன். கஜனியும் யசிந்தனும் கூட வந்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "சாப்பிட்டியே?" என்றார்.

மறுநாள் பின்னேரம் மூன்று நாற்பதுக்கு இறந்தார்.

கொண்டுவந்த விதத்திலும் நேரத்திலும் ஒரு பிழையும் இல்லை, இதயம் முதலே அதிகம் பழுதாகியிருந்தது என்று வைத்தியர் சொன்னார். அதை நான் ஒழுங்கையில் பதினொரு வீட்டிலும் போய்ச் சொன்னேன். யசிந்தனுக்கு இரண்டு தரம் சொன்னேன். அவன் இரண்டு தரமும், "இன்னும் கொஞ்சம் கெதியாப் போயிருக்கலாம்," என்றான். அம்மாதான் சீராகப் போகச் சொன்னவர் என்றேன். "ஓம், அவ சொன்னால் கேக்காமல் விடேலாது," என்றான்.

மாடுகளை இப்போது யசிந்தனின் மனைவியும் கஜனியும் முறை வைத்துக் கறக்கிறார்கள். பால் போகிறது. முதல் போத்தல் மாமிக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அடக்கம் நடந்தது. பார்வதிப்பிள்ளை முழங்காலால் வர முடியாமல் தொலைபேசியில் கதைத்தார். நிறைய நேரம் அழுதார். திறப்பைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. ஒவ்வொரு கிழமையும் நயினாதீவுப் படகைத் தாண்டித்தான் நெடுந்தீவுப் படகில் ஏறுகிறேன். காற்று வடக்குக்கு மாறிவிட்டது. போன ஞாயிறு மாமியைப் பார்க்கப் போனபோது, அவர் மாடி வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உன்ர கொம்மா அண்டைக்கு எனக்குப் பதில் சொல்லேல்லை," என்று மட்டும் சொன்னார். அவரது கட்டில் இன்னும் பழைய இடத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது.

குசினிச் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே அம்மாவின் எழுத்து: "நயினாதீவு. பார்வதிப்பிள்ளை அக்கா. முழங்காலுக்கு எண்ணெய் 1. தயிர்ச் சட்டி 2." அம்மா எண்ணெய் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறார். தயிருக்குப் பால் நான் இன்னும் உறைய வைக்கவில்லை. திறப்பும் இன்னும் எடுக்கவில்லை.